ஊமையான வானொலிப் பெட்டி

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட உபரி நீர் வினாடிக்கு 29,000 கன அடி என்னும் அளவை எட்டியது. அந்நீர் அடையாற்றின் கரைகளைக் கடந்து ஊருக்குள் புகுந்தபோது, கோட்டூர்புரத்தில் ஆற்றை அடுத்திருந்த வீடுகளின் தரைத்தளங்கள் மூழ்கின. எங்கள் வீடும் அவற்றுள் ஒன்று. தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்பதனப் பெட்டி, இரண்டு அலமாரி நிறையப் புத்தகங்கள் ஆகிய யாவும் சேற்றோடு சேறாகிப் போயின. மாடியறையில் இருந்த ஒரே ஒரு மின்கருவி மட்டும் துளியும் நனையாமல் தப்பியது. என் தந்தையார் 1962-ஆம் ஆண்டில், மயிலாப்பூரில் குடியிருந்த காலத்தில் வாங்கிய வால்வு வானொலிப் பெட்டி அது.

வெள்ளத்திற்குத் தப்பிய அப்பெட்டி, அடுத்த ஆண்டு கோடையில் என் கைக்குத் தப்பவில்லை. அதைக் கெடுக்க வேண்டும் என்று நான் எண்ணவில்லை. அதற்கு இன்னும் நல்ல மின்சாரம் ஊட்ட வேண்டும் என்றே எண்ணினேன். அவ்வாறு எண்ணியவர்கள் எனக்கு முன்னரும் பலர் இருந்திருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் கிடந்த ஒரு பெரிய கம்பி வடத்தையே ஊமையாக்கியவர். ஆகவே என் சிறு பிழையை அந்த நீண்ட வரலாற்றின் நடுவே வைத்துச் சொல்லத் துணிகிறேன்.

முதலில் அந்தக் கடலடிக் கம்பியின் கதை. 1858-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள், அயர்லாந்தையும் அமெரிக்கக் கண்டத்தைச் சார்ந்த நியூபவுண்டுலாந்தையும் இணைக்கும் தந்திக் கம்பி வடம் இட்டு முடிக்கப்பட்டது. இரு கண்டங்களிலும் மக்கள் வாண வேடிக்கைகளுடன் கொண்டாடினர். ஆயினும் கம்பியின் வழியே வந்த குறிகளோ மிக மெலிந்திருந்தன. விக்டோரியா அரசியார் அமெரிக்க நாட்டுத் தலைவருக்கு அனுப்பிய வாழ்த்துச் செய்தி 98 சொற்களே கொண்டது. அது போய்ச் சேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று.

கம்பிக் குழுமத்தின் மின்துறைப் பொறுப்பில் இருந்தவர் வைல்டுமன் வைட்ஹவுஸ் என்பவர். தொழிலால் அவர் அறுவை மருத்துவர். குறி மெலிந்து வந்தால் அதை அனுப்பும் விசையைக் கூட்ட வேண்டும் என்பது அவருடைய முடிவு. ஐந்தடி நீளமுள்ள பெரிய தூண்டு சுருள்களைக் கொண்டு ஏறக்குறைய 2,000 வோல்ட் அழுத்தத்தைக் கம்பிக்குள் செலுத்தினார். கம்பியைச் சுற்றியிருந்த கட்டாபர்ச்சா என்னும் மரப்பால் உறையில் முன்பே சில பழுதுகள் இருந்தன. அவை அந்த அழுத்தத்தைத் தாங்கவில்லை. செப்டம்பர் மாதம் பிறந்த சிறிது காலத்திற்குள் கம்பி பயனற்றுப் போயிற்று. பழி முழுவதையும் வைட்ஹவுஸ் மீது ஏற்றுவது முறையன்று. அந்த வடம் செய்யப்பட்டபோதும், வெயிலில் போட்டு வைக்கப்பட்டபோதும் நேர்ந்த குறைகள் பல. எனினும் அதன் இறுதியை விரைவுபடுத்தியது அவருடைய சுருள்களே என்று பின்னர் நடந்த விசாரணை காட்டியது.

பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆகிய வில்லியம் தாம்சன் அப்போதே வேறு வழி கூறினார். அனுப்பும் விசையைக் கூட்டாதீர்கள், பெறும் கருவியின் நுண்மையைக் கூட்டுங்கள் என்பது அவர் கருத்து. ஒரு சிறு கண்ணாடித் துண்டின் அசைவால் ஒளிப்புள்ளி நகர்ந்து குறி காட்டும் கருவியை அவர் செய்தார். 1866-இல் புதிய கம்பி இடப்பட்டது. முந்திய ஆண்டில் அறுந்து போன மற்றொரு கம்பியும் மீட்கப்பட்டது. லாட்டிமர் கிளார்க் என்ற பொறியாளர் இரண்டையும் அக்கரையில் முடிந்து ஒரே வளையமாக்கினார். பிறகு தையற்காரர் விரலில் அணியும் வெள்ளி அங்குத்தான் ஒன்றில் சிறிது அமிலமும் துத்தநாகத் துண்டும் இட்டு, அந்த விரலளவு பாட்டரியைக் கொண்டே பெருங்கடலை இருமுறை கடந்து குறி அனுப்பிக் காட்டினார். ஈராயிரம் வோல்ட் செய்ய முடியாததை ஓர் அங்குத்தான் செய்துவிட்டது. 1870-ஆம் ஆண்டின் இறுதியில் நம் சென்னைக் கரையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை கடலடிக் கம்பி போடப்பட்டதே, அந்தக் காலத்துக் கம்பிகளெல்லாம் தாம்சனின் வழியைப் பின்பற்றியவை.

கம்பி வழிச் செய்தியிலிருந்து கம்பியில்லாத ஒலிபரப்பிற்கு வருவோம். தென்னாட்டில் ஒலிபரப்பின் தொடக்கம் சென்னை மாகாண வானொலிச் சங்கம். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924-ஆம் ஆண்டு மே மாதம் அச்சங்கம் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் ஒலிபரப்பு தொடங்கியது. முதலில் இருந்த கருவியின் ஆற்றல் 40 வாட். நம் வீடுகளில் எரிந்த சாதாரண மின்விளக்குகளில் பல அதனினும் மிகுதியாக மின்சாரம் உண்டன! அந்த 40 வாட்டில்தான் பாட்டும் பேச்சும் சென்னை நகரின் வானில் முதன்முதலாகப் பரவின. பின்னர் 200 வாட் கருவி வந்தது. பொருள் முட்டுப்பாட்டால் 1927 அக்டோபரில் சங்கம் ஒலிபரப்பை நிறுத்தியது. அதன் கருவியைச் சென்னை மாநகராட்சி ஏற்று, 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து மாலை வேளைகளில் ஒலிபரப்பி வந்தது. மெரினாக் கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்து மக்கள் கேட்கும்படி செய்ததும் அக்காலத்தில்தான். 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும்வரை அந்தப் பணி நடந்தது.

ஒலிபரப்பியவர்களைப் பற்றிப் பலர் எழுதியிருக்கின்றனர். கேட்டவர்களின் வீட்டில் என்ன நடந்தது என்பதே நமக்கு இங்கே வேண்டியது.

1924-இல் வானொலி கேட்க விரும்பிய ஓர் இளைஞனுக்கு மின்சாரமே தேவையில்லை. கலீனா என்னும் ஈயத் தாதுவின் படிகம் ஒன்று, அதைத் தொடும் மெல்லிய கம்பி, ஒரு சுருள், காதில் மாட்டும் கருவி ஆகியவை போதும். மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் செல்லவிடும் இயல்பு அப்படிகத்திற்கு உண்டு. வானில் வரும் அலையின் ஆற்றலே காதில் ஒலியாகும். இந்தக் கலீனா படிகத்தைக் கம்பியில்லா அலைகளைக் கண்டறியப் பயன்படுத்தியதற்காக நம் ஜகதீச சந்திர போஸ் 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். படிகப் பெட்டிக்கு ஒரே குறை, ஒருவர்தான் கேட்கலாம். கூடத்தில் அமர்ந்து வீட்டார் அனைவரும் கேட்க வேண்டுமானால் ஒலியைப் பெருக்க வேண்டும். பெருக்குவதற்கு வால்வு வேண்டும். வால்வுக்கு மின்சாரம் வேண்டும். தொல்லை அங்கே பிறந்தது.

அக்கால வால்வுப் பெட்டிக்கு இருவகை பாட்டரிகள் தேவைப்பட்டன. வால்வின் உள்ளே இருக்கும் இழையைச் சூடேற்ற 2 வோல்ட் அளவிலான ஈய அமிலப் பாட்டரி ஒன்று. வால்வின் ஊடே மின்னணுக்களை இழுக்க 90 அல்லது 120 வோல்ட் உலர் பாட்டரி மற்றொன்று. முன்னதைச் சில நாட்களுக்கு ஒருமுறை கடைக்குத் தூக்கிச் சென்று மின்னேற்றி வர வேண்டும். கனமான பொருள், சாய்ந்தால் அமிலம் வேட்டியைத் துளைத்துவிடும். இவ்வளவு பாடுபட்டுக் கொண்டு வந்த பாட்டரியை மாட்டும்போது கம்பிகள் இடம் மாறினால், 120 வோல்ட் 2 வோல்ட் இழைக்குள் பாயும். கண் இமைக்கும் நேரத்தில் எல்லா வால்வுகளும் ஒன்றாக எரிந்து போகும். வானொலி வரலாற்றின் தொடக்க காலத்தில் உலகெங்கும் ஆர்வலர்களை அழவைத்த விபத்து இதுவே. ஒரு மாதச் சம்பளத்தை ஒரு நொடியில் ஒளிரவிட்டு அணைத்தவர்கள் எத்தனை பேரோ!

ஆகவே பாட்டரியை ஒழிக்க வேண்டும், சுவரிலிருந்து வரும் மின்சாரத்திலேயே பெட்டி பாட வேண்டும் என்ற வேட்கை எழுந்தது. கானடா நாட்டில் டொராண்டோ நகரத்து எட்வர்டு ராஜர்ஸ் 1925-இல் பாட்டரி இல்லாத பெட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதில் அவருக்கு இருந்த பெருமிதத்தை, 1927-இல் அவர் தொடங்கிய ஒலிபரப்பு நிலையத்தின் பெயர் எழுத்துகளிலேயே ‘பாட்டரி இல்லாதது’ என்ற சொல்லின் முதலெழுத்தைச் சேர்த்துவைத்ததிலிருந்து அறியலாம்.

சுவர் மின்சாரமும் எல்லா ஊரிலும் ஒரே வகையாக இல்லை. எடிசன் 1882-இல் நியூயார்க்கில் வழங்கியது ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டம். பின்னர் உலகை வென்றது திசை மாறி மாறி ஓடும் மாறுமின்னோட்டம். நம் நாட்டில் இரண்டும் நெடுங்காலம் அருகருகே வாழ்ந்தன. சென்னையில் 1895-இல் ஓடத் தொடங்கி 1953-இல் நின்று போன டிராம் வண்டிகளை இழுத்தது நேர்மின்னோட்டம். கல்கத்தாவின் பழைய பகுதிகளில் விடுதலைக்குப் பின்னும் நெடுங்காலம் வீடுகளுக்கே அது வந்துகொண்டிருந்தது. அத்தகைய வீட்டிற்குக் குடிபோன ஒருவர், மாறுமின்னோட்டத்திற்கென்று செய்த பெட்டியை அறியாமல் மாட்டினால், அதிலுள்ள டிரான்ஸ்பார்மர் புகைந்து கரியாகும். டிரான்ஸ்பார்மரின் சுருள், மாறி மாறி வரும் மின்னோட்டத்தைத் தன் காந்தத்தாலேயே தடுத்து அளவிற்குள் நிறுத்துவது. மாறாத மின்னோட்டம் வந்தால் அந்தத் தடை எழாது. வெறுங்கம்பியின் சிறு தடையே எஞ்சும். மின்சாரம் வெள்ளமெனப் பாயும். பெட்டி வாங்கப் போனவரைக் கடைக்காரர் முதலில் கேட்க வேண்டியிருந்த கேள்வி, ‘உங்கள் வீட்டில் எந்த மின்சாரம்?’ என்பதே.

எங்கள் பெட்டி மாறுமின்னோட்டத்திற்கு உரியது. அதன் உட்புறத்தைச் சிறிது விளக்கினால்தான் நான் செய்த பிழை விளங்கும்.

சுவரிலிருந்து வரும் மின்சாரம் முதலில் டிரான்ஸ்பார்மருக்குள் புகுகிறது. அது ஒரு சுருளில் 250 வோல்டாகவும் மற்றொரு சுருளில் 6.3 வோல்டாகவும் வெளிவருகிறது. 6.3 வோல்ட், வால்வுகளின் இழைகளைச் சூடாக்கும். 250 வோல்ட், ‘ரெக்டிபயர்’ என்று மெக்கானிக்குகள் சொல்லும் வால்வுக்குப் போகும். எங்கள் பெட்டியில் இருந்தது ஈஇசட் 80 என்னும் எண்ணுடையது. பிளெமிங் என்ற ஆங்கிலேயர் 1904-இல் காப்புரிமை கோரிய முதல் வால்வின் வழித்தோன்றல்தான் அதுவும். மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒருவழிக் கதவு எனலாம். அக்கதவைக் கடந்த மின்சாரம் துடித்துத் துடித்து வரும். அதைத் தேக்கிச் சீராக விடுவதற்குக் ‘கண்டென்ஸர்’ என்னும் உருளை இருக்கிறது. ஊற்று நீரைத் தொட்டியில் தேக்கிக் குழாயில் விடுவது போன்ற வேலை. ஒவ்வொரு தொட்டிக்கும் தாங்கும் எல்லை ஒன்று உண்டு. எங்கள் பெட்டியின் கண்டென்ஸர் மீது 350 வோல்ட் என்று அச்சிடப்பட்டிருந்தது. மின் வழங்கும் பகுதி என்பது இவ்வளவே.

2016-ஆம் ஆண்டுக் கோடையில் பெட்டியின் ஒலி மிகவும் மெலிந்து போயிற்று. வெள்ளத்தில் தொலைக்காட்சியை இழந்த பின்னர், முதியவராகிய என் தாயார் அந்தப் பெட்டியில்தான் சென்னை நிலையத்தின் நிகழ்ச்சிகளைக் கேட்டு வந்தார். தந்தையார் மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பெட்டி ஒலிக்கும்போது வீட்டில் அவர் இருப்பது போன்ற உணர்வு தமக்கு உண்டாவதாகத் தாயார் ஒருமுறை சொன்னார். ஆகவே அதைச் செவ்வைப்படுத்த நானே முற்பட்டேன். ரெக்டிபயர் வால்வு தேய்ந்திருந்தது. புதிய வால்வு எளிதில் கிடைக்காது. ஆனால் 1 என் 4007 என்னும் சிலிக்கன் டயோடு சில ரூபாய்க்குக் கிடைக்கும், அரிசியை விடச் சற்றே பெரிது, 1,000 வோல்ட் தாங்கும், தேயாது, சூடேற வேண்டிய தேவையும் இல்லை. போஸ் பயன்படுத்திய படிகத்தின் இனம் அது. வால்வைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் இரண்டு டயோடுகளை வைத்தேன். பழைய தொழிலாளியை ஓய்வுபெறச் செய்து திறமை மிக்க இளைஞனை அமர்த்தியதாக எனக்கு நினைப்பு.

மின்சாரம் கொடுத்தவுடன் பியூஸ் எரிந்தது. அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். ஏன் எரிந்தது என்று கேட்டிருக்க வேண்டும். புதிய டயோடு மிகுதியாக மின்சாரம் விடுகிறது போலும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, முன்னதை விடத் தடித்த கம்பியை மாட்டினேன். இரண்டாம் முறை பியூஸ் எரியவில்லை. பத்து நொடி ஆகியிருக்கும். பெட்டிக்குள் பட்டாசு வெடித்தது போன்ற ஓசை கேட்டது, வெண்புகை எழுந்தது, மீன் அழுகியது போன்ற நாற்றம் அறையெங்கும் பரவியது. நான் ஓடிச் சென்று இணைப்பைப் பிடுங்குவதற்குள் டிரான்ஸ்பார்மரின் மீதிருந்த தாள் கருகிப் பொறிந்தது. கீழேயிருந்து தாயார், “என்னப்பா சத்தம்?” என்று கேட்டார். நான் விடை சொல்லவில்லை.

ரிச்சி தெருவுக்குப் பக்கத்தில், பழைய கருவிகளைப் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் பெட்டியைத் தூக்கிச் சென்றேன். அவர் பெட்டியைத் திறக்கவேயில்லை. முதலில் அதைத் திருப்பி வைத்து, முதுகுப் பலகையில் இருந்த ஒரு சிறு வட்டக் கட்டையைப் பார்த்தார். அதைச் சுற்றி 110, 127, 200, 220, 245 என்று எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. கட்டையின் அம்புக்குறி 200-இல் நின்றது.

“இதை யார் சார் இங்கே திருப்பி வச்சது?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அப்படியொரு கட்டை இருப்பதையே நான் அன்றுதான் கூர்ந்து பார்த்தேன்.

“டயோடு போட்டது தப்பு இல்லே. கூட ஒரு ரெசிஸ்டர் போட்டிருக்கணும். ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி இதைப் பார்த்திருக்கணும்” என்று கூறிவிட்டு அவர் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினார்.

வீட்டிற்கு வந்து தாளில் கணக்கிட்டுப் பார்த்தேன். மாணவர்களும் என்னுடன் சேர்ந்து கணக்கிடலாம். 200 வோல்ட் வரும் வீட்டிற்கென்று கட்டை திருப்பப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டிற்கு இப்போது வருவதோ 240 வோல்ட். ஆகவே உள்ளே ஒவ்வொரு சுருளிலும் உரிய அளவைப் போல 1.2 மடங்கு அழுத்தம். 250-க்குப் பதில் 300 வோல்ட். மாறுமின்னோட்டத்தின் உச்சி அதன் பயனுறு அளவைப் போல 1.414 மடங்கு உயரம் என்பது உங்களுக்குத் தெரியும். 300-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 424. முதிர்ந்து தளர்ந்த 350 வோல்ட் தொட்டிக்குள் 424 வோல்டைப் பாய்ச்சியிருக்கிறேன்.

அவ்வாறானால் பழைய வால்வு இருந்தபோது அது ஏன் வெடிக்கவில்லை? இதில்தான் அந்த வால்வின் அருமை இருக்கிறது. அதுவும் சூடேறிய பிறகே வேலை செய்யும். அது சூடேறும் அரை நிமிடத்திற்குள் மற்ற வால்வுகளும் சூடேறி, வரும் மின்சாரத்தை உண்ணத் தொடங்கிவிடும். குழாய் திறந்திருக்கும்போதே தொட்டியில் நீர் விழும். ஆகையால் நீர்மட்டம் உச்சிக்கு ஏறாது. மேலும் வால்வு தன் உள்தடையால் சில பத்து வோல்ட்டுகளைத் தானே விழுங்கிவிடும். டயோடோ ஒரு வோல்ட் கூட விழுங்குவதில்லை, நொடியும் தாமதிப்பதில்லை. மற்ற வால்வுகள் உறங்கிக்கொண்டிருக்கையில் உச்சி அழுத்தம் முழுவதையும் தொட்டிக்குள் கொட்டிவிட்டது. எதை நான் பழைய வால்வின் சோம்பல் என்றும் பலவீனம் என்றும் கருதினேனோ, அதையே பெட்டியைச் செய்தவர் நம்பியிருந்தார்.

இன்னொன்றும் அக்கணக்கிலிருந்து தெரிந்தது. 6.3 வோல்ட் வேண்டிய இழைகளுக்கு 7.5 வோல்டுக்கு மேல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அளவுக்கு மிஞ்சிக் காய்ச்சிய வால்வு விரைவில் தேயும். ரெக்டிபயர் தேய்ந்ததற்கும் ஒலி மெலிந்ததற்கும் அதுவே காரணமாக இருந்திருக்க வேண்டும். மிகுதியால் வந்த நோய்க்கு நான் இன்னும் மிகுதியை மருந்தாகக் கொடுத்தேன். சில ஆண்டுகளுக்கு முன்னரே கட்டையைத் திருகாணிமுனையால் 245-க்குத் திருப்பியிருந்தால் செலவு ஒன்றும் இல்லை.

கட்டை ஏன் 200-இல் நின்றது என்ற கேள்வி எஞ்சி நின்றது. அதற்கு விடை நம் மாநிலத்தின் மின்சார வரலாற்றில் இருக்கிறது. 1932-இல் பைக்காராவும், 1937-இல் மேட்டூரும், 1944-இல் பாபநாசமும் நீர்மின்சாரம் தரத் தொடங்கின. சென்னை நகருக்கு மின்சாரம் வழங்கி வந்த தனியார் குழுமத்தை 1947-இல் அரசு ஏற்றது. 1957 ஜூலை முதல் நாள் மின்சார வாரியம் அமைந்தது. மின்சாரம் பரவிய வேகத்திற்கு ஈடாகக் கம்பிகளும் டிரான்ஸ்பார்மர்களும் பெருகவில்லை. நீண்ட கம்பியின் வால்முனையில் இருந்த வீடுகளில், மாலையில் எல்லாரும் விளக்கேற்றும் வேளையில் அழுத்தம் சரிந்துவிடும். குழாயின் கடைசி வீட்டில் தண்ணீர் மெல்ல விழுவதைப் போன்றதே இதுவும். அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் ‘ஸ்டெபிலைசர்’ பெட்டிகள் வீடுதோறும் இடம்பிடித்தது அதனால்தான். பழைய கோட்டூர்ச் சிற்றூரை ஒட்டிக் குடியிருப்புகள் எழுந்த காலத்தில், எங்கள் பகுதியும் அத்தகைய வால்முனையாக இருந்திருக்கலாம் என்று எண்ணி, ஒருநாள் தாயாரிடம் கேட்டேன்.

“சாயங்காலம் ஆனா பல்பே மினுக்கு மினுக்குன்னுதான் எரியும். செய்தி வாசிக்கிறது கிணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கும். உங்கப்பா பெட்டிக்குப் பின்னாலே கையை விட்டு என்னமோ திருகுவார், அப்புறம் சரியாயிடும். நீ அப்போ சின்னப் பிள்ளை” என்றார்.

தந்தையார் செய்தது அன்றைய நிலைக்கு முற்றிலும் சரியான செயல். வந்த மின்சாரம் குறைந்திருந்தது. அதற்கேற்பக் கட்டையைத் தாழ்த்தினார். பின்னர் ஊரில் புதிய துணைமின் நிலையங்கள் வந்தன. அழுத்தம் மெல்ல உயர்ந்தது. கட்டை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. ஓலைச்சுவடியைப் போல, கல்வெட்டைப் போல, அந்த அம்புக்குறியும் ஒரு காலத்தின் பதிவுதான். எழுபதுகளிலோ எண்பதுகளிலோ ஒரு மாலைப்பொழுதில் கோட்டூர்புரத்திற்கு எவ்வளவு மின்சாரம் வந்தது என்பதை அது எழுதி வைத்திருந்தது. பெட்டியின் உள்ளே இருந்ததையெல்லாம் ஆராய்ந்த நான், முதுகில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. தாயாரைக் கேட்டிருந்தாலும் போதும். அவருக்கு வானொலி நுட்பம் தெரியாதென்று நான் அவரைக் கேட்கவேயில்லை.

டிரான்ஸ்பார்மரைப் புதிதாகச் சுற்ற மூன்று வாரம் ஆயிற்று. கரிந்த சுருளை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து எண்ணி, அதே எண்ணிக்கையில் புதுக் கம்பி சுற்ற வேண்டியிருந்தது. ஒலி தரும் கடைசி வால்வும் அந்த விபத்தில் கெட்டிருந்ததால், வேறொரு பழைய பெட்டியிலிருந்து எடுத்த வால்வைப் பொருத்தினார்கள். ரெக்டிபயருக்கும் ஓர் ஈஇசட் 80 எங்கிருந்தோ கிடைத்தது. டயோடுகளை அவர் ஒரு தாளில் மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். கட்டையை 245-இல் வைத்து, அதன்மீது ஒரு சொட்டு அரக்கும் உருக்கி ஊற்றினார்.

பெட்டி வீட்டிற்கு வந்த அன்று மாலை தாயாரை மாடியறைக்கு அழைத்துச் சென்று அமர்த்தினேன். திருகியதும் முதலில் அலை எண்கள் எழுதிய கண்ணாடி மங்கலாக ஒளிர்ந்தது. சிறிது நேரம் எந்த ஓசையும் இல்லை. நான் பதறினேன், தாயார் பதறவில்லை. பிறகு மெல்லிய இரைச்சல் எழுந்து, அதனுள்ளிருந்து வயலின் இசை தெளிந்து வந்தது. தாயார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா பழைய குரல் இல்லே” என்றார்.

வால்வு மாறியிருக்கிறது, சுருள் மாறியிருக்கிறது. அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். நான் ஒன்றும் சொல்லாமல் நிலையத்தைச் சற்றுச் சரிசெய்துவிட்டு அவருக்கு அருகில் அமர்ந்துகொண்டேன்.